மூக்குக் குழாயோடு வீட்டுக்கு வரும் பிள்ளை: நர்ஸ் வருவாரா, நாமே பார்க்கணுமா?

கேள்வி இதுதான்: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அக்கா மகனுக்கு இரண்டரை வயது, எடை 8 கிலோ. மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பு. விழுங்க முடியாததால் மூக்கு வழியாக ரைல்ஸ் குழாய் போட்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாளில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்க்க நர்ஸ் கிடைப்பாரா, இல்லை சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டுமா?

தினமும் வந்து குழாயில் பால் ஊற்றிவிட்டுப் போகும் அரசுச் செவிலியர் கிடையாது. ஆனால் அவ்வப்போது வந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அவர்கள் வருவது உங்கள் வேலையை வாங்கிக்கொள்ள அல்ல, உங்கள் அக்காவின் கை சரியாகச் செய்கிறதா என்று பார்க்க. ஆகவே கற்றுக்கொள்ள வேண்டிய இடம் வார்டுதான். இந்த இரண்டு நாளை வீணாக்காதீர்கள்.

வார்டு சிஸ்டர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கற்றுக்கொண்டதாகாது. அக்கா தன் கையால் செய்ய வேண்டும், சிஸ்டர் பார்க்க வேண்டும். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதிப்பது, பால் ஊற்றுவது, மருந்து அளந்து கொடுப்பது, பிளாஸ்டர் மாற்றுவது, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் குறைந்தது மூன்று முறை, அதில் ஒரு முறை இரவில். அம்மா ஒருத்தி மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் பிள்ளைக்கு அன்று சாப்பாடு இல்லை. அப்பாவோ, பாட்டியோ, நீங்களோ இன்னொருவரும் கற்றுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் வழக்கமாக நோயின் பெயரும் மாத்திரைப் பட்டியலும் மட்டும் இருக்கும். உங்களுக்கு அதற்கு மேலே வேண்டும். குழாய் என்ன அளவு, எந்தத் தேதியில் போட்டது, மூக்கு ஓரத்தில் எத்தனை சென்டிமீட்டர் குறி, ஒரு வேளைக்கு எத்தனை மி.லி., ஒரு நாளைக்கு எத்தனை வேளை, ஒவ்வொரு மருந்தும் எத்தனை மில்லிகிராம், அது எத்தனை மி.லி. என்று எழுதி வாங்குங்கள். மருந்தை மி.லி.யில் மட்டும் எழுதினால் ஆபத்து. ஒரே மருந்து வெவ்வேறு அடர்த்தியில் கடையில் கிடைக்கிறது. பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள்: கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 8 கிலோ பிள்ளைக்கு 120 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. முதலாவதில் 5 மி.லி., இரண்டாவதில் 2.4 மி.லி. சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், அதில் 1.2 மி.லி. போதும். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

இனி குழாய். பெரும்பாலான விபத்துகள் இங்கேதான். குழாயின் நுனி இரைப்பையில் இருக்க வேண்டும். இருமலிலோ வாந்தியிலோ அது மேலே வந்து தொண்டையில் சுருண்டுகொள்ளலாம், மூச்சுக்குழாய்ப் பக்கமும் போகலாம். அப்போது பால் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். மூக்கு ஓரத்தில் இருக்கும் குறி, குழாய் வெளிப்பக்கம் நகரவில்லை என்பதை மட்டுமே சொல்லும், உள்ளே சுருண்டிருப்பதைச் சொல்லாது. எனவே ஒவ்வொரு வேளைக்கு முன்பும் குறியைப் பாருங்கள், டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள், பிறகு சிரிஞ்சால் கொஞ்சம் இரைப்பை நீரை இழுத்து, அமிலத்தை அளக்கும் பி.எச். தாளில் ஒரு சொட்டு விடுங்கள். எண் குறைந்தால் அமிலம் அதிகம் என்று பொருள்; 5.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் கொடுக்கலாம். தாள் வாங்கும்போது 5, 5.5, 6 என்று அரை அரையாக நிறம் காட்டும் தாளாகக் கேளுங்கள். நீல லிட்மஸ் தாள் இதற்கு உதவாது. கோரிப்பாளையம், பனகல் சாலைப் பக்கத்துச் சர்ஜிக்கல் கடைகளிலோ ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளிலோ விசாரியுங்கள்.

குழாயில் காற்றடித்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து ‘குளுக்’ சத்தம் கேட்கும் முறையைப் பல இடங்களில் இன்னும் சொல்லித் தருகிறார்கள். அதை நம்பாதீர்கள். நுனி நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கும்; சிறு பிள்ளைகளின் நெஞ்சும் வயிறும் அவ்வளவு பக்கம்.

இழுத்தால் நீர் வரவில்லை என்று பதற வேண்டாம். பிள்ளையை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கால் மணி நேரம் கழித்து இழுங்கள். அப்படியும் வராவிட்டால் சில மி.லி. காற்றை மட்டும் மெதுவாகத் தள்ளி மறுபடி இழுங்கள். நுனி இரைப்பைச் சுவரில் ஒட்டியிருந்தால் விலகும். தண்ணீர் தள்ளிப் பார்க்கவே கூடாது. பி.எச். 6, 7 என்று வந்தால், போன வேளைப் பால் இன்னும் உள்ளே கிடக்கிறதா, அமிலம் குறைக்கும் மருந்து கொடுக்கிறோமா என்று யோசியுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். ஓமிப்ரசோல் போன்ற மருந்து எடுக்கும் பிள்ளைக்கு எப்போதுமே கூடுதலாகக் காட்டலாம், அதற்கு என்ன செய்வது என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருக்கும்வரை ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

குழாய் முழுக்க வெளியே வந்துவிட்டால் அது உயிராபத்து அல்ல. பாதி வந்திருந்தால் அப்படியே உள்ளே தள்ளாமல் முழுக்க எடுத்துவிடுங்கள். மறுபடி போடப் பயிற்சி பெற்றவர் வீட்டில் இல்லையென்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போன் செய்து கேட்டுக்கொண்டு அங்கேயோ, உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ போங்கள்; இதற்காக 40 கி.மீ. பயணம் செய்து மதுரை வரத் தேவையில்லை. ஆனால் வலிப்பு மருந்து நேரம் தவறக் கூடாது என்பதால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. சாதாரண பி.வி.சி. குழாய் சில நாளில் விறைத்துப் புண்ணாக்கும், பெரும்பாலும் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிக்கான் அல்லது பாலியூரிதேன் குழாய் விலை அதிகம், ஆனால் சில வாரங்கள் தாங்கும். மாற்றும்போது அடுத்த மூக்குத் துளையில் போடச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் குழாய் தேவைப்படும் என்று தெரிந்தால் வயிறு வழியாகப் போடும் குழாயைப் பற்றிக் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் பேசுவது நல்லது. ‘வயிற்றில் ஓட்டை போடுவார்களா’ என்று வீட்டில் பயப்படுவார்கள். வருடக்கணக்கில் மூக்கில் குழாயோடு இருப்பதைவிட அது பிள்ளைக்குச் சுகம்.

மதுரை வெயிலில் வேர்வையால் பிளாஸ்டர் நிற்காது. முகத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். பவுடர், எண்ணெய் போட்ட தோலில் எதுவும் ஒட்டாது. குழாயை மூக்குத் துளையின் ஓரத்தில் மேல்நோக்கி இழுத்து ஒட்டினால் இரண்டே நாளில் புண் வரும்; நேராகத் தொங்கவிட்டுக் கன்னத்தில் ஒட்டி, காதுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். பிள்ளை இழுத்துப் போட்டால் கையைக் கட்டாதீர்கள், காலுறையைக் கையில் மாட்டிவிடுங்கள்.

பால் ஊற்றும்போது தலையும் மார்பும் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கட்டும். தலையணையை மட்டும் வைத்தால் கழுத்துதான் மடங்கும், முதுகிலிருந்தே உயர்த்த வேண்டும். 50 மி.லி. சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, குழாயில் பொருத்தி, முதலில் 5 மி.லி. காய்ச்சி ஆறிய தண்ணீர், பிறகு பால், கடைசியில் மறுபடி 5 மி.லி. தண்ணீர். சிரிஞ்சை வயிற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் தானாக இறங்கும். தண்டை வைத்து அழுத்தித் தள்ளாதீர்கள். இருபது, முப்பது நிமிடம் ஆகட்டும். அவசரப்பட்டால் வாந்தி வரும், வாந்தி வந்தால் குழாய் நகரும். நடுவில் இருமல், முகம் நீலமாதல், மூச்சுத் திணறல் எது வந்தாலும் குழாயை மடக்கிப் பிடித்து நிறுத்துங்கள். முடித்த பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் படுக்கப் போடாதீர்கள்.

எவ்வளவு கொடுப்பது? உங்கள் மருத்துவர் எழுதியதுதான் கணக்கு. ஆனால் அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் தவறைப் பிடிக்கலாம். 10 கிலோவரை கிலோவுக்கு 100 மி.லி. என்ற கணக்கில் 8 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 800 மி.லி. திரவம். ஆறு வேளை 120 மி.லி. என்றால் 720, மீதி 80 குழாய் கழுவும் தண்ணீரிலும் மருந்திலும் போய்விடும். அளவு சரி, பிள்ளை ஏன் எடை ஏறவில்லை என்று கேட்டால், பெரும்பாலும் பாலில் தண்ணீர் கலந்திருப்பார்கள். ‘கெட்டியாக இருந்தால் செரிக்காது, குழாய் அடைக்கும்’ என்று பாதிக்குப் பாதி ஊற்றுவார்கள். 720 மி.லி. பசும்பாலில் ஏறக்குறைய 470 கலோரி இருக்கும், பாதித் தண்ணீரானால் 235. வடிகஞ்சித் தண்ணீர் இன்னும் மோசம். வயிறு நிறையும், உடம்பு தேறாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. வேளைக்கு ஒன்று சேர்த்தால் ஒரு நாளில் 270. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ, மிக்சியில் அடித்துக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் மிதந்து குழாய்ச் சுவரில் பிடிக்கும். எதைச் சேர்ப்பதென்றாலும் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டுச் சேருங்கள். பால் மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் இரும்புச்சத்துக் குறையும் என்பதையும் கேளுங்கள்.

கேழ்வரகுக் கஞ்சி குழாயில் போகாது என்பார்கள். போகும், வழி இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டி, நிழலில் காயவைத்து, அரைத்து வையுங்கள். வழக்கமாகக் காய்ச்சிய கெட்டிக் கஞ்சியை இறக்கி, கொதி அடங்கி நல்ல சூடாக இருக்கும்போது ஒரு கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி முளைமாவு போட்டுக் கிளறினால் சில நிமிடத்தில் நீர்த்துவிடும். முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் இப்படி ஆகிறது; தண்ணீர் சேர்க்காமலே நீர்க்கிறது, சத்துக் குறைவதில்லை. கொதிக்கும்போதே போட்டால் நொதி செத்துவிடும், நீர்க்காது. நீர்த்த பிறகு ஒரு கொதி விட்டு, மெல்லிய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். காய்ச்சியதை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். காலையில் காய்ச்சி மதியம் கொடுத்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

குழாய் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் மாத்திரைத் தூளால்தான். மருந்தைப் பாலில் கலக்காதீர்கள். ஒரு மருந்து, கொஞ்சம் தண்ணீர், அடுத்த மருந்து, கொஞ்சம் தண்ணீர். அடைத்தால் 20 மி.லி.க்குக் குறையாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெதுவாகத் தள்ளி இழுத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி செய்யுங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் வெடித்துவிடும். கம்பி விடுவது கூடவே கூடாது.

வலிப்பு மருந்தில் மூன்று விஷயம். சோடியம் வால்புரோயேட்டின் உறைபூசிய மாத்திரையையும் மெதுவாகக் கரையும் மாத்திரையையும் பொடிக்கக் கூடாது, சிரப்பாகக் கேளுங்கள். பெனிட்டாயின் சிரப் அடியில் படியும். குலுக்காமல் கொடுத்தால் மாத ஆரம்பத்தில் மருந்து குறைவு, பாட்டில் முடியும்போது அதிகம். பாலோடு சேர்ந்தால் அது சரியாக உறிஞ்சப்படாது என்பதால் இடைவெளியையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, எந்த வலிப்பு மருந்தையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. பாட்டில் தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

வலிப்பு வந்தால் முதலில் மணி பாருங்கள். பால் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒன்றும் ஆகாது. அது இரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும் வலிப்பில் சாவிக்குக் கிடைத்த நல்ல பெயர். ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மி.கி.; 8 கிலோவுக்கு 1.6 மி.கி. ஒரு அடிக்கு 0.5 மி.கி. வரும் பாட்டிலில் இது ஏறக்குறைய மூன்று அடி. வேறு அளவு அடிக்கும் பாட்டிலும் உண்டு. அதனால் எந்தப் பாட்டில், எத்தனை அடி என்று சீட்டில் எழுதி வாங்கி, பாட்டிலிலேயே ஒட்டிவையுங்கள். குழாய் இல்லாத துளையில் அடியுங்கள். புது பாட்டிலை முதலில் வெளியில் அடித்து, புகை போல வருகிறதா என்று பார்த்து வையுங்கள். ஸ்பிரே அடித்த கையோடு 108. மூச்சு மெதுவாகிறதா என்று வண்டி வரும்வரை கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

சளி உறிஞ்சும் மெஷின் கொடுத்தனுப்பினால் வாய்க்குள் கண்ணுக்குத் தெரியும் இடம்வரை மட்டும், ஒரு முறைக்கு 10 வினாடிக்குள், அழுத்தம் 80 முதல் 100 மி.மீ. பாதரசம். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாள் செய்தித்தாளில் வரும், அன்றைக்குக் காலால் மிதிக்கும் மெஷினோ பேட்டரியோ கைவசம் வேண்டும்.

பாட்டிமார்களிடம் தன்மையாகச் சொல்லிவிட வேண்டிய சில விஷயங்களும் உண்டு. குளிப்பாட்டி மூக்கில் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, சங்கில் புகட்டுவது, தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் ‘தொக்கம்’ எடுக்கக் கூட்டிப்போவது. விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு எண்ணெயும் பாலும் நேராக நுரையீரலுக்குப் போகும், புகை இருக்கிற சளியைக் கூட்டும். தொண்டையில் குழாய் இருக்கும்போது தொக்கம் எடுத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கோபப்படாமல், ‘குழாய் இருக்கும்வரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்’ என்று சொல்லுங்கள், பழியை டாக்டர் மேல் போட்டால் வீட்டில் சண்டை வராது.

பிள்ளை நன்றாக இருக்கும் ஒரு நாளில், தூங்கும்போது, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணி எழுதிவையுங்கள். இந்த வயதில் நிமிடத்துக்கு 40-க்கு மேல் போனாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ அன்றே மருத்துவமனை.

இப்போது யார் வருவார்கள் என்பது. ஊர் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர், அதாவது உங்கள் ஊர் நர்சம்மா, முதல் ஆள். டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே சீட்டின் நகலோடு போய்ப் பாருங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்று வீட்டுக்குக் கூப்பிட முடியாது, ஆனால் அவரை நிச்சயமாகப் பிடிக்கலாம். விட்டுப்போன தடுப்பூசியையும் அப்போதே கேளுங்கள். வலிப்பு இருப்பதால் ஊசியே கூடாது என்பது தவறு, எதைத் தள்ளிப்போடுவது என்று மருத்துவர் சொல்வார். இரண்டாவது, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிறவர்கள் என்று மட்டும் நினைக்கிறார்கள். அதில் வட்டார அளவில் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடிப் போகிறார்கள். பட்டியலில் பெயர் ஏறினால்தான் வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். வரும்போது சும்மா ‘நல்லா இருக்கான்’ என்று அனுப்பிவிடாமல், அவர் எதிரில் ஒரு வேளைப் பாலைக் கொடுத்துக் காட்டுங்கள், எடை போடச் சொல்லுங்கள், தலையின் பின்பக்கம், காது, வால் எலும்பு மூன்றையும் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்குத் தலை கனம், படுக்கைப்புண் பின்மண்டையில்தான் முதலில் வரும்.

ஆறு வயதுக்குள் இருப்பதால் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பதிவது முக்கியம். வார்டிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். பள்ளி வயது வந்ததும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வழியாக வீட்டிலிருந்தே கல்வி பெறலாம். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கடும் பாதிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை உண்டு.

சம்பளத்துக்கு ஆள் வைப்பது பற்றி: ‘ஹோம் நர்ஸ்’ என்று ஏஜென்சி அனுப்பும் எல்லோரும் செவிலியர் அல்ல, பலர் பராமரிப்பாளர்கள். தமிழ்நாடு செவிலியர் குழுமப் பதிவு எண் கேளுங்கள். இல்லையென்றால் குளிப்பாட்ட, துணி மாற்ற, அக்கா நான்கு மணி நேரம் தூங்க, அவர்களை வைத்துக்கொள்ளலாம், நல்ல உதவிதான். குழாயையும் மருந்தையும் மட்டும் அவர்கள் கையில் விடாதீர்கள். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தில் முதலில் நல்ல குழாய், பி.எச். தாள், மிடசோலம் ஸ்பிரே இரண்டு பாட்டில், ஒரு சின்ன எடை மெஷின். ஆள் வைப்பது அதற்குப் பிறகு.